தலை நின்றுவிட்டதா?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் திருவள்ளூர் போகிற சாலைக்கு இன்று இரவு என்று ஒன்று இல்லை. ஒரகடம் சந்திப்பில் புதுக் கார்களைச் சுமந்த நீள லாரிகள் திரும்பியபடியே இருக்கின்றன. ஷிப்டு முடிந்தவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் கம்பெனி பஸ்களில் எதிரெதிரே கடந்து போகிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே ஏரியும், ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லும்தான். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் ஊன்றியது. 1998-இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் சாலைக்கு வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-இல் மூடியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன.

மண் மாறிய கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது இந்தச் சாலையோரத்து வீடுகளில் பாயில் கிடக்கும் கைக்குழந்தையைப் பற்றி. கழுத்து நிற்க வேண்டிய மாதத்தில் நிற்காத குழந்தை, உட்கார வேண்டிய மாதத்தில் சரிந்து விழும் குழந்தை. அதற்கு அன்று என்ன கிடைத்தது, இன்று என்ன கிடைக்கிறது, கிடைக்கிற உதவி ஏன் கைக்கு வந்து சேருவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

அன்று: கேள்வி இருந்தது

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கேள்வி இல்லாமலும் வரமாட்டார்கள். "தலை நின்னுடுச்சா?", "குப்புற விழுந்துட்டானா?", "தவழுறாளா?" என்று திண்ணையில் உட்காரும் முன்பே கேட்பார்கள். குழந்தை குப்புற விழுந்த அன்றைக்கும் வாசற்படி தாண்டிய அன்றைக்கும் பலகாரம் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற வீடுகள் இருந்தன. எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் என்ன செய்தது என்பது தெருவுக்கே மனப்பாடம். வளர்ச்சியைக் கணக்கு வைக்க அந்தத் தெரு போதுமாக இருந்தது.

நம் இலக்கியமும் அந்தக் கணக்கை வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் பருவங்களை மூன்றாம் மாதம் தொடங்கி இரண்டிரண்டு மாத இடைவெளியில் வகுப்பது ஒரு மரபு. ஐந்தாம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை ஆடும் நிலை அது. கழுத்தும் தோளும் முதுகும் சேர்ந்து வேலை செய்தால்தான் அது முடியும் என்று இன்றைய இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்வார். ஒன்பதாம் மாதம் சப்பாணி, அதாவது உட்கார்ந்தபடி கை கொட்டுவது. கையை ஊன்றாமல் உட்காரத் தெரிந்த பிள்ளையால்தான் இரண்டு கைகளையும் சேர்த்துக் கொட்ட முடியும். பதின்மூன்றாம் மாதம் வருகை. தளர்நடை போட்டு வா என்று அழைப்பது. புலவர்கள் மருத்துவம் எழுதவில்லை. குழந்தையை உற்றுப் பார்த்தார்கள். பார்த்தது சரியாக இருந்தது.

வீட்டுப் பொருள்களிலும் அந்த அறிவு இருந்தது. மூன்று சக்கர மர நடைவண்டியைப் பிள்ளை தன் காலில் நின்று, தன் உடல் எடையைத் தானே தாங்கித் தள்ளும். இடுப்பில் தூக்கிக்கொண்டால் குழந்தையின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் நன்றாகப் பொருந்தி வளர அது உதவும். கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும் குழந்தையை இப்படித் தூக்கச் சொல்லித்தான் இன்றைக்கும் பிசியோதெரபிஸ்ட் தாய்க்குக் கற்றுக் கொடுக்கிறார்.

அன்று: பதில் இல்லை

எல்லாரும் கேட்டார்கள். "இன்னும் நிக்கலை" என்று ஒரு தாய் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. "தானா வரும், பொறு" என்றார்கள். எண்ணெய் தேய்த்து உருவி விட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்கள். மணலில் குழி தோண்டி, பிள்ளையை இடுப்பு வரை இறக்கி நிற்க வைத்த ஊர்களும் உண்டு. அந்தக் குழியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. நிற்காத பிள்ளையை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு அது. இன்றைய சிகிச்சை அறைகளில் மரத்தாலும் வார்ப்பட்டையாலும் செய்த நிற்கும் சட்டம் இருக்கிறது. தவிப்பு சரியானது, எப்போது, எவ்வளவு நேரம், எந்த நிலையில் என்ற அறிவுதான் அன்று இல்லை.

அந்தக் காலத்தில் குழந்தைக்குப் பிசியோதெரபி என்றாலே பெரும்பாலும் இளம்பிள்ளை வாதம்தான். காய்ச்சல் வந்து கால் சூம்பிப்போன பிள்ளைக்குக் காலிப்பர் மாட்டி நடக்கப் பழக்குவார்கள். பிறக்கும்போதே, அல்லது பிறந்த சில நாள்களில், மூளைக்கு அடிபட்ட குழந்தைக்கு இருப்பது மூளை முடக்குவாதம் என்ற வேறொரு நிலை என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பஸ் ஏறி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கோ போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நாற்று நடவை விட்டு, அன்றைய கூலியை விட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போவது மாதம் ஒருமுறை நடந்தாலே பெரிது. பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதில்தான் போனார்கள். அதற்குள் குதிகால் தசை இறுகி, முழங்கால் மடங்கி, இடுப்பு மூட்டு விலகியிருக்கும்.

சென்னையிலேயே அன்று வழி அதிகம் இல்லை. 1985-இல் பூனம் நடராஜன் தன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் மூன்று குழந்தைகளோடு தொடங்கிய மையம்தான் பின்னர் 'வித்யாசாகர்' என்ற பெயரோடு வளர்ந்தது. தெற்கே ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அரசுத் திட்டங்கள் வருவதற்கு முன்னால் வழி போட்டவர்கள் இப்படிப்பட்டவர்களே.

இடையில் மாறியது என்ன?

முதலில், பிழைக்கும் குழந்தைகள் மாறினார்கள். 1990-களில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2020-இல் அந்த எண் 13. குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் வாரக்கணக்கில் இருந்து, உயிரோடு வீடு வந்த குழந்தைகள் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றியது பெரிய சாதனை. ஆனால் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்த குழந்தை எப்படி வளர்கிறது என்று இரண்டு வருஷமாவது தொடர்ந்து பார்த்தால்தான் அந்தச் சாதனை முழுமையாகும். இன்னொரு பக்கம் இளம்பிள்ளை வாதம் ஒழிந்தது. நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததாகச் சான்றும் வந்தது.

அடுத்து, அறிவு மாறியது. மூளை முடக்குவாதத்தை ஒன்று, இரண்டு வயதில்தான் உறுதி செய்ய முடியும் என்பது பழைய பாடம். 2017-இல் அயோனா நோவாக் உள்ளிட்ட பன்னாட்டு வல்லுநர்கள் எழுதிய வழிகாட்டல் அதை மாற்றியது. குழந்தையின் இயல்பான அசைவை வீடியோவில் கவனிப்பது, கைகால்களின் விறைப்பையும் அனிச்சைச் செயல்களையும் மதிப்பெண் போட்டுச் சோதிப்பது, தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் எடுப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டுகொள்ளலாம் என்றது அது.

இதில் அவசரம் ஏன்? கனடாவில் பீட்டர் ரோசன்பாமும் உடன் பணியாற்றியவர்களும் மூளை முடக்குவாதம் உள்ள 657 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 2002-இல் வெளியிட்ட வளைகோடுகள் அதைச் சொல்லும். அவர்கள் குழந்தைகளை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். ஓடவும் படியேறவும் முடிகிறவர்கள் முதல் நிலை. தலையைத் தாங்கவே பாடுபடுகிறவர்கள் ஐந்தாம் நிலை. தன் உடலால் எட்டக்கூடிய இயக்கத் திறனில் 90 விழுக்காட்டை, முதல் நிலைக் குழந்தை சராசரியாக 4.8 வயதில் எட்டிவிடுகிறது. ஐந்தாம் நிலைக் குழந்தை 2.7 வயதிலேயே எட்டிவிடுகிறது. அதாவது, யாருக்குப் பாதிப்பு அதிகமோ அவர்களுக்குக் காலம் குறைவு. அன்று நான்கு வயதில் எழும்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய் என்ன இழந்துவிட்டு ஓடினாள் என்பது இந்த எண்களைப் பார்க்கும்போது புரிகிறது.

மூன்றாவதாக, சிகிச்சையே மாறியது. முன்பு சிகிச்சையாளர் குழந்தையின் கைகாலைப் பிடித்து நீட்டுவார், மடக்குவார், குழந்தை அழும், தாய் வெளியே நிற்பாள். இன்றைய ஆய்வுகள் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. பிறர் அசைத்து விடும் அசைவை மூளை அவ்வளவாகக் கற்பதில்லை. குழந்தை தானே விரும்பி, ஒரு பொருளை எட்டிப் பிடிக்க, தடுமாறி, தவறி, மறுபடி முயலும்போதுதான் மூளைக்குள் பாதை பதிகிறது. அதனால் சிகிச்சையின் இடம் ஆஸ்பத்திரி மேஜையிலிருந்து வீட்டுப் பாய்க்கு வந்துவிட்டது. சிகிச்சையாளரின் வேலை தாய் தகப்பனுக்குக் கற்றுக் கொடுப்பதாகிவிட்டது.

இன்று: பதில் இருக்கிறது

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை, பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் தேடிப் பார்க்கிறது. மருத்துவக் குழு வண்டியில் வந்து அங்கன்வாடிகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளை ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும். சந்தேகப்படும் குழந்தையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் என எல்லோரும் அங்கே ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பயிற்சி தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில், 2021 ஜூனில் எல்லா வகைக் குறைபாட்டுக்குமான தொடக்கநிலை மையம் திறக்கப்பட்டது. நாடு முழுதும் அன்று திறந்த 14 மையங்களில் அது ஒன்று. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு 'உரிமைகள்' திட்டம், 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களையும் சிகிச்சை வாகனங்களையும் கொண்டுவருகிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது; 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது.

ஏட்டில் உள்ளதெல்லாம் எல்லா இடத்திலும் நிறைவாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அன்று நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்றிரண்டு கதவுகளே இருந்தன. இன்று பல கதவுகள் இருக்கின்றன, சில நடக்கும் தூரத்திலேயே.

இன்று: கேட்க ஆள் இல்லை

கதவுகள் வந்தன, திண்ணை போய்விட்டது.

இந்தச் சாலையில் வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர், இன்னும் தெற்கே இருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். சுங்குவார்சத்திரத்திலும் வல்லத்திலும் மாத்தூரிலும் ஒரு கதவு, ஒரு ஜன்னல் கொண்ட லைன் வீடுகள். அடுத்த அறைக்காரர் பி ஷிப்டு. இவர் ஏ ஷிப்டு. வாரக்கணக்கில் முகம் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தலை நின்றதா என்று யார் கேட்பார்கள்?

பாட்டி செல்போனில் இருக்கிறார். "அத்தை, எட்டு மாசம் முடிஞ்சிடுச்சு, இன்னும் உக்கார மாட்டேங்கிறான்" என்று மருமகள் சொன்னால், "உன் புருஷனே ஒன்றரை வயசுலதாம்மா நடந்தான், கவலப்படாத" என்று ஊரிலிருந்து பதில் வரும். அன்பான பதில்தான். ஆனால் அந்தப் பாட்டி குழந்தையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கியிருந்தால், உடம்பு துணி மாதிரி தொங்குவதையோ கட்டை மாதிரி விறைப்பதையோ அவர் கைகள் சொல்லியிருக்கும்.

நடைவண்டி இருந்த இடத்தில் சக்கர வாக்கர் வந்துவிட்டது. குழந்தையை உட்கார்த்தித் தொங்கவிடும் வட்ட வாக்கர் நடை பழக்காது. எடையைத் தாங்கப் பழகாமல் நுனிக்காலில் உந்தப் பழகும். விழுந்து அடிபடும் ஆபத்தும் உண்டு. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. இங்கே முதல் பிறந்தநாளுக்கு அது பரிசாக வருகிறது. அழும் குழந்தைக்கு முன்னால் செல்போன் நிற்கிறது. குழந்தை அசையாமல் பார்க்கிறது. அசையாமல் இருப்பதை "சமத்து" என்கிறோம்.

பேறுகால விடுப்பு 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. முறையான வேலையில் இருக்கும் பெண்ணுக்கு அது பெரிய வரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆறு மாதம். தலை நிற்பதும் குப்புற விழுவதும் தாயின் கண்முன்னே நடக்கும். உட்காருவதும் எழுந்து நிற்பதும் நடப்பதும் அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு நடக்க வேண்டியவை. ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவிக்கு, நாள் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு, அந்த ஆறு மாதமே உறுதியில்லை. இரவு ஷிப்டு முடித்து வந்தவர் காலையில் புறநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும் என்றால், தூக்கத்தையோ சம்பளத்தையோ விட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னால் மாதம் ஒருமுறையாகும். அப்புறம் அதுவும் நின்றுவிடும்.

அன்று கேள்வி இருந்தது, பதில் இல்லை. இன்று பதில் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை.

பத்துக்குப் பத்து அறையில் என்ன செய்யலாம்?

வீட்டில் செய்யும் பிசியோதெரபிக்குப் பெரிய கருவி வேண்டாம் என்பதுதான் நல்ல செய்தி. ஒவ்வொரு குழந்தைக்கும் எது வேண்டும் என்பதை இயன்முறை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் சொல்லக்கூடியவை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பயம் போகும்.

கழுத்து நிற்காத குழந்தையை, விழித்திருக்கும்போது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே, குப்புறப் படுக்க வைப்பார்கள். மார்புக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைப்பார்கள். எதிரே பளபளக்கும் எவர்சில்வர் தட்டையோ தாயின் முகத்தையோ பார்க்கக் குழந்தை தலை தூக்கும். முதல் நாள் மூன்று விநாடி, அடுத்த வாரம் பத்து விநாடி. ஒரே தடவையாக அரை மணி நேரம் வேண்டாம்; பால் குடித்துச் சற்று நேரம் கழிந்தபின், துணி மாற்றும்போது, தகப்பன் ஷிப்டிலிருந்து வந்து மல்லாந்து படுத்துக் குழந்தையை மார்பின் மேல் போட்டுக்கொள்ளும்போது என்று பல சிறு தவணைகள் போதும். தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் போட வேண்டும்.

உட்காராத குழந்தைக்குச் சுவரின் மூலையே நாற்காலி. இரண்டு சுவரும் முதுகையும் தோளையும் தாங்கும். கைகள் முன்னால் வரும். முன்னால் கவிழ்த்த பாத்திரம் ஒன்று இருந்தால் தட்டி விளையாடும். அதாவது, சப்பாணி கொட்டும். ஒரு கையை மட்டுமே நீட்டும் குழந்தைக்கு மற்றக் கைப் பக்கம் கிலுகிலுப்பையைக் காட்டுவார்கள். நிற்காத குழந்தை தகப்பனின் தொடையில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஸ்டூல் மேலுள்ள பொம்மையை எடுக்க எழுந்து எழுந்து உட்காரும். எடை காலில் இறங்க இறங்க எலும்பு உறுதியாகும். இடுப்புக் குழி ஆழமாகும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. வலி வந்த பிறகு அறுவை செய்வதைவிட, முன்பே எக்ஸ்ரே எடுத்துக் கவனித்து, நிற்கப் பழக்குவது எவ்வளவோ மேல்.

எண்ணெய் தேய்த்து விடலாம்; குழந்தைக்கு இதம், தாய்க்கும் நெருக்கம். அது சிகிச்சைக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

சின்னத் தவணைகள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவில் டேல் உல்ரிச் குழுவினர், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளை உட்காரத் தொடங்கியதும் வீட்டிலேயே சின்ன நடைப்பொறி மேல் பெற்றோர் பிடித்துக்கொள்ள நடக்க வைத்தார்கள். நாளுக்கு 8 நிமிடம், வாரத்துக்கு 5 நாள், அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழந்தைகளைவிட இவர்கள் சராசரியாக 101 நாள் முன்னதாக நடந்தார்கள் என்று 2001-இல் வெளியிட்டார்கள். 101 நாள் முன்னதாக நடக்கும் குழந்தை 101 நாள் அதிகமாக உலகத்தைத் தொட்டுப் பார்க்கும்.

கிராமங்களில் இது நடக்கும் என்பதை ஆய்க்குடி காட்டியிருக்கிறது. அமர் சேவா சங்கம் உள்ளூர்ப் பெண்களைச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பழக்கி, செல்போன் செயலி வழியாகச் சிகிச்சையாளர்களோடு இணைத்து, வீட்டுக்கே அனுப்புகிறது. வயல்வெளிக் கிராமத்தில் முடிந்தது தொழிற்சாலைச் சாலையில் முடியாதா?

உண்மையாகச் சொல்ல வேண்டியது

பிசியோதெரபி எல்லாக் குழந்தையையும் நடக்க வைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூளையில் விழுந்த காயத்தை அது அழிக்காது. குறைமாதக் குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், உடல் இயக்கத்தில் பலன் சிறிதுதான், அறிவு வளர்ச்சியில் பலன் பள்ளிக்கு முந்தைய வயது வரை தெரிகிறது என்கிறார்கள். இதில் பொருள் இருக்கிறது. உட்கார்ந்த குழந்தை எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறது, பேச்சைக் கேட்கிறது, பொருளைத் தூக்கி எறிந்து அது விழுவதைக் கவனிக்கிறது. உடம்பு நிமிர்ந்தால் அறிவுக்கு வாசல் திறக்கிறது.

நடக்கவே முடியாத குழந்தைக்கும் பலன் உண்டு. மூட்டு இறுகாது, விழுங்குவது எளிதாகும், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பள்ளிக்குப் போகும். தாய்க்கு இடுப்பு ஒடியாமல் பிள்ளையைத் தூக்கத் தெரியும். "இது உங்கள் குற்றமல்ல" என்று ஒருவர் சொல்லிக் கேட்பதே சில வீடுகளில் முதல் சிகிச்சை.

நடக்கத் தாமதமாகும் எல்லாக் குழந்தைக்கும் நோய் இருக்கிறது என்றும் பயப்பட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் பிடிப்பில்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். இடைவெளி பெரிதுதான், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டிய பிறகு "தானா வரும்" என்பது ஆறுதல் அல்ல, நஷ்டம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்துவிட்டு வயதைக் கணக்கிட வேண்டும்.

தொழிற்சாலைகளுக்கு

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. தொழில் வளர்ந்தால் தொழிலாளிக்குக் கூரை வேண்டும் என்று யோசித்தது நல்ல காரியம். அந்தப் பெண்கள் நாளை தாயாவார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்பது பேறுகால நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த விதி. அந்தக் காப்பகத்தின் ஆயாவுக்கு வளர்ச்சிப் படிகளைச் சொல்லிக் கொடுத்தால், திண்ணையில் கேட்ட கேள்வி அங்கே மறுபடி ஒலிக்கும். சிப்காட் தொழிற்பேட்டை ஒவ்வொன்றிலும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் ஒரு சிகிச்சை அறை வேண்டும். சிகிச்சைக்குக் குழந்தையை அழைத்துப்போகும் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளம் பிடிக்கக் கூடாது. இது தருமம் அல்ல. வயலைக் கொடுத்த ஊருக்கும், வேலைக்கு வந்த குடும்பத்துக்கும் சேர வேண்டிய கடன்.

பெற்றோருக்கு

இந்தச் சாலையில் எந்த மாநிலத்துக் குழந்தையானாலும், எந்த ஷிப்டுக்காரர் பிள்ளையானாலும், தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போகிறோம். அந்த நாள்களையே கேள்வி நாளாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றரை மாத ஊசி: தலை நிற்கத் தொடங்கிவிட்டதா? முகம் பார்த்துச் சிரிக்கிறதா? எப்போதும் விரல்களை மூடியே வைத்திருக்கிறதா?

ஒன்பது மாத ஊசி: பிடிக்காமல் உட்காருகிறதா? இரண்டு கையாலும் பொருளை எடுக்கிறதா, அல்லது ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறதா?

பதினாறு மாதத்துக்கு மேல் போடும் ஊசி: தனியாக நடக்கிறதா? நுனிக்காலிலேயே நிற்கிறதா? பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்கவில்லையா?

உங்கள் பதில் கவலை தருவதாக இருந்தால் அங்கேயே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிப் படிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதைக் காட்டிக் கேளுங்கள். மாவட்ட மையத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். 104-க்கு அழைத்தும் கேட்கலாம். பரிசோதித்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொன்னால் நிம்மதியோடு திரும்பலாம்; ஒரு நாள் சம்பளம்தான் போயிருக்கும். ஏதோ இருக்கிறது என்றால், நீங்கள் சம்பாதித்தது மாதங்கள். குழந்தைக்கு அந்த மாதங்களைவிடப் பெரிய சொத்து இல்லை.

அடுத்த அறையில் கைக்குழந்தை இருந்தால், ஷிப்டு முடிந்து வரும்போது கதவைத் தட்டி நீங்களும் கேளுங்கள்: "தலை நின்னுடுச்சா?"